சுவரில் ஆளளவு ஓட்டை

பொட்டல்விலக்கில் பைபாஸ் ரோட்டுக்கு இந்தப் பக்கம் அரசு ஐ.டி.ஐ.யும் அந்தப் பக்கம் கார்க் கதவுக்குக் கீல் செய்கிற கம்பெனியும் எதிரும் புதிருமாக நின்று, பல வருஷமாக ஒன்றையொன்று பார்த்துக்கொண்டும் பேசிக்கொள்ளாமலும் இருந்த காலத்தில், ஓர் ஆவணி மாதத் திங்கட்கிழமை காலையில், கம்பெனியின் காம்பவுண்டுச் சுவரில் ஆள் உருவத்தில் ஓர் ஓட்டை இருந்தது. யாரும் இடித்த ஓட்டை இல்லை. செங்கல் சிதறவில்லை, காரை உதிரவில்லை. தலை, கழுத்து, தோள், இடுப்பு, கால் என்று ஒரு மனுஷன் நிற்கக்கூடிய இடத்தில் மட்டும் சுவர் இல்லாமல் போயிருந்தது. எட்டிப் பார்த்தால் உள்ளே டியூப் லைட் எரிகிற ஓர் அறையும், சுற்றுகிற மின்விசிறியும், ஒரு நாற்காலியும், ஆணியில் தொங்குகிற போட்டோ ஒட்டாத அடையாள அட்டையும் தெரிந்தன. வாட்ச்மேன் பார்த்தார், பால்காரர் பார்த்தார், நானும் பார்த்தேன், ஐ.டி.ஐ. வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவன் எதையும் பார்க்காமல் விட முடியாது. பார்த்துவிட்டுப் போய்க் கடையைத் திறந்தேன்.

பத்து மணி வாக்கில், கோலப்பொடி விற்றுக்கொண்டு வந்த வெளியூர்க்காரன் ஒருவன் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, 'இங்கே சிறுநீர் கழிக்காதீர்' என்று எழுதியிருந்த இடமாகப் பார்த்து ஒதுங்கினான். வெயிலுக்கு லேசாகச் சுவரில் சாய்ந்தான். சாய்ந்த இடம் அந்த ஓட்டை. ஓட்டை அவன் அளவாகவே இருந்தது போலிருக்கிறது, சுவர் அவனை லபக்கென்று கவ்விக்கொண்டது. சாயங்காலம் சங்கு ஊதியபோது மெயின் கேட் வழியாகச் சாம்பல் நிற யூனிபாரமும் கழுத்தில் அட்டையும் காலில் ஷூவுமாக வெளியே வந்தான். பெர்மனென்ட், பி.எஃப். பிடித்தம், குடும்பத்துக்கு இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி என்று எல்லாம் உண்டாம். சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போனான்.

அந்தக் கம்பெனி ஆறேழு வருஷமாக ஒரு பெர்மனென்ட் ஆளைக்கூட எடுத்ததில்லை என்பதைச் சொன்னால்தான் ஊர் ஏன் அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை என்பது புரியும். வருஷா வருஷம் கேம்பஸ் இன்டர்வியூ என்று வருவார்கள், வடை தின்பார்கள், 'படிப்புக்கும் தொழிலுக்கும் நடுவுல நிறைய இடைவெளி இருக்கு, நீங்க உங்களை வடிவமைச்சுக்கணும்' என்று பேசிவிட்டு, அடுத்த வருஷத்து வடைக்கு நாள் குறித்துவிட்டுப் போவார்கள். இந்தத் தடவை பத்திரிகைக்காரர்கள் போய்க் கேட்டபோது கம்பெனி எச்.ஆர். அதிகாரி மிகவும் பணிவாக, "ஆள் எடுக்கறது எங்க கையில இல்லீங்க. சுவர் பிடிச்சா நாங்க பிடிச்ச மாதிரி. இதுல சிபாரிசுக்கு இடமே கிடையாது" என்றார். பொறுப்பு கழிந்ததில் அவர் முகத்தில் தெரிந்த சந்தோஷம் பேப்பர் போட்டோவிலும் தெரிந்தது.

கோலப்பொடிக்காரனை விழுங்கிய ஓட்டை மூடிவிட்டது. மறுநாள் பத்தடி தள்ளி இன்னொன்று வந்தது. இது வேறு உருவம். நடுத்தர உயரம், தொங்கின தோள், வயிறே இல்லாத வயிறு, முன்னால் கட்டிய கை, எந்நேரமும் தரையைப் பார்த்துக் குனிந்த கழுத்து. ஊரே போய் ஒவ்வொருவராக நின்று பார்த்தது. எங்காவது இடித்தால் அது வெறும் சுவர்தான், ஒருவரையும் விடவில்லை. யாராவது பொருந்துகிற வரைக்கும் இந்த ஓட்டை மூடாது என்பது சில நாளில் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

எங்கள் ஐ.டி.ஐ.யில் பிட்டர் பிரிவுக்கு வாத்தியார் சந்தனக்குமார் சார். பிட்டர் பிள்ளைகள் இரண்டு வருஷமும் செய்கிற முக்கியமான வேலை, ஓர் இரும்புத் துண்டில் பள்ளம் வெட்டி, இன்னொரு துண்டை அரத்தால் ராவி ராவி அந்தப் பள்ளத்தில் இம்மி பிசகாமல் உட்கார வைப்பது. பள்ளம் உள்ளது பெண் துண்டு, உள்ளே போவது ஆண் துண்டு. சேர்த்ததும் ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார் சார். நடுவில் நூல் போல வெளிச்சம் தெரிந்தால் மார்க் போயிற்று. பெண் துண்டைத் தொடக்கூடாது, இடித்தால் ஆண் துண்டைத்தான் ராவ வேண்டும் என்பது அவர் சட்டம். அவர் சுவரைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் பாடத்துக்கு ஓர் உபயோகம் வந்ததைப் பார்த்தார். "இதுவும் பிட்டிங்தாம்ல" என்றார்.

அன்றோடு அரம் தூக்குவது நின்றது. ஒர்க்‌ஷாப்பில் ஓட்டையின் அளவுக்கு பிளைவுட்டில் ஒரு மாதிரி செய்து நிறுத்தி, வரிசையாக அதற்குள் நிற்பதுதான் பாடம் என்றாயிற்று. ஊரும் சும்மா இருக்கவில்லை. போலீஸ் தேர்வுக்கு கோச்சிங் நடத்தியவர் போர்டை மாற்றி 'சுவர் கோச்சிங்' என்று எழுதினார். பரோட்டாக் கடையில் 'சுவர் மீல்ஸ்' வந்தது, தட்டில் ஒன்றரை இட்லியும் வெந்நீரும். பெண் பார்க்க வருகிறவர்கள் பையனுக்கு என்ன வேலை என்று கேட்பதை விட்டு, எங்கே இடிக்கிறது என்று கேட்டார்கள். சுடலை கோயில் கொடைத் திருவிழாவுக்குக் குனிந்த கழுத்தோடு மண்பொம்மை செய்து நேர்ந்து வைத்தார்கள். ஒரு கட்சி ஓட்டையைப் பெரிதாக்கக் கோரி மறியல் செய்தது, இன்னொரு கட்சி அந்த ஓட்டையே தங்கள் ஆட்சியில் வந்தது என்று சுவரொட்டி ஒட்டியது, கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் கொடுத்த மனுவுக்கு 'தனியார் சுவர்' என்று பதில் வந்தது. என் கடையில் பயோடேட்டா வியாபாரம் படுத்துவிட்டது. ஆனால் ஓட்டையின் உருவத்தை ஆளுயர ஃப்ளெக்ஸில் அடித்து விற்றேன், வீட்டுக்கு வீடு கதவில் ஒட்டினார்கள். நான் பிழைக்கத் தெரிந்தவன் என்று என் மச்சினனே சொன்னான்.

அந்த ஓட்டைக்குக் கிட்டத்தட்டப் பொருந்துகிற ஒரே ஆள், பிட்டர் பிரிவில் இருந்த ஒரே பெண், இசக்கியம்மாள். உயரம் சரி, இடுப்பு சரி, கை கட்டினால் கையும் சரி. ஆனால் இரண்டு வருஷம் அரம் பிடித்ததில் தோள் அகன்றிருந்தது; கழுத்து பிறந்ததிலிருந்தே நிமிர்ந்துதான் இருந்தது. அவள் அம்மா முத்துப்பேச்சி பீடி சுற்றுகிறவள். புருஷன் போன பிறகு ஒற்றையாளாக வளர்த்தவள். தை பிறப்பதற்குள் கம்பெனி வேலை கிடைக்காவிட்டால் பம்பாயில் இட்லிக் கடை வைத்திருக்கிற ஒன்றுவிட்ட தம்பிக்கு மகளைக் கட்டிக்கொடுத்துவிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தாள். இசக்கிக்கு அந்த மாமனைப் பிடிக்காது என்பதைவிட, அந்த அட்டையில் தன் போட்டோ ஒட்டியிருக்க வேண்டும் என்பதுதான் பெரிதாக இருந்தது. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்க என் கடைக்கு வந்தபோது, "நல்லா தெளிவா எடுங்கண்ணே, அட்டையில வரப்போறது" என்றாள். என் மகளுக்கும் அவள் வயதுதான்.

"குனிஞ்சு பழகுளா" என்று சார் சொல்ல, சாப்பிடும்போது, நடக்கும்போது, பஸ்ஸில் வரும்போது என்று குனிந்தே பழகினாள். தோள் வற்றட்டும் என்று சோற்றைப் பாதியாக்கினாள், பிறகு பாதியில் பாதியாக்கினாள். மற்ற பிள்ளைகளும் அப்படியே. அந்த வகுப்பில் சுடலைமணி என்று ஒரு பையன் இருந்தான். நல்ல வாட்டசாட்டம், ஒரு காலைச் சாய்த்து வைத்து நிற்பான், உட்கார்ந்தால் பெஞ்சு முனகும், சிரித்தால் வயிறு தனியாகச் சிரிக்கும். அவன்கூட மெலிந்தான். சார் வாரா வாரம் பிளைவுட்டில் நிறுத்தி டார்ச் அடித்துப் பார்த்து, தொழில் பழக்கத்தில், "எதுக்கும் இன்னும் ஒரு நூல் எடுத்துருவோம், இடிச்சா அசிங்கம்" என்பார். இடிக்கக்கூடாது என்கிற பயம்தான் அவருக்கு. ராவியதைத் திரும்ப ஒட்ட வைக்க முடியாது என்று வருஷம் முழுக்கச் சொல்லிக்கொடுத்தவர், அதை மட்டும் மறந்துபோனார்.

கார்த்திகை மாசம் இசக்கி சுவர் முன்னால் போய் நின்றாள். ஊர் முழுக்க ரோட்டோரம் கூடியிருந்தது. கை கட்டி, தோளைத் தொங்கவிட்டு, தரையைப் பார்த்துக் குனிந்து ஓட்டைக்குள் கால் வைத்தாள். எங்கேயும் இடிக்கவில்லை. சார் முகம் மலர்ந்தது, பிறகு மெதுவாகச் சுருங்கியது. அவளைச் சுற்றி, தலை முதல் கால் வரைக்கும், ஒரு நூல் கனத்துக்கு உள்ளேயிருந்து டியூப் லைட் வெளிச்சம் தெரிந்தது. சுவர் கவ்வவில்லை. அவள் பாட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள்.

"அளவு குறைஞ்சுபோச்சே" என்றார் சார்.

உள்ளே எச்.ஆர். அதிகாரி வந்தார். "சுவர் பிடிக்கலைன்னா நாங்க பிடிக்க முடியாதேம்மா" என்று வருத்தப்பட்டார். "ஆனா வந்தது வந்துட்டே. அங்க கீல் எல்லாம் பிசிறோட கிடக்கு, ராவிக் குடுத்துட்டுப் போ, சாயங்காலம் காண்ட்ராக்டர் கூலி குடுப்பார்." அவள் ராவினாள். மறுநாள் சுடலைமணி போனான், அவனைச் சுற்றிலும் வெளிச்சம். அதற்கடுத்து வகுப்பு முழுக்க, அப்புறம் வெல்டர், எலக்ட்ரீஷியன் பிரிவுகள், அப்புறம் படித்து முடித்து வீட்டில் இருந்தவர்கள். எல்லோரையும் அளவுக்கு மேல் இளைக்க வைத்திருந்தது ஊர். எல்லோரும் உரசாமல் உள்ளே போனார்கள், உரசாமல் வெளியே வந்தார்கள். ஒரு கீல் விடாமல் வேலை நடந்தது. நாற்காலி காலியாகவே இருந்தது, அட்டை ஆணியில் தொங்கியது, அதன் மேல் தூசி விழுந்தால் யாராவது துடைத்தார்கள்.

ஊருக்கு இதில் ஒரு குறையும் இல்லை. "எம்பையன் கம்பெனிக்குப் போறாம்லா" என்று சொல்வதற்கு பி.எஃப். எதற்கு? ஐ.டி.ஐ. வாசலில் 'நூறு சதவீத வேலைவாய்ப்பு' என்று ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். நான்தான் அடித்துக் கொடுத்தேன், நல்ல லாபம். முத்துப்பேச்சி மட்டும் ஒப்பவில்லை. "கூலிக்குப் போறதுன்னா எங்கூட பீடி சுத்தலாம்லா, அதுக்கு எதுக்குட்டி ரெண்டு வருஷம் படிச்ச? தை வரட்டும்" என்றாள்.

மார்கழியில் ஒரு நாள் இசக்கி வேலைக்குப் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டாள். காலையில் பழைய சோறும் கருவாடும், மத்தியானம் கறி, ராத்திரி தோசை, இப்படியே தினமும். ஊர் பதறியது, பிள்ளைக்குப் பேய் பிடித்திருக்கிறது என்றார்கள், சார் நேரில் போய், "முக்கா கிணறு தாண்டிட்டு இப்படிப் பண்ணுதியே" என்று கெஞ்சினார். அவள் இன்னொரு தோசை கேட்டாள். தோள் திரும்ப வந்தது, கழுத்து நிமிர்ந்தது, மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் ஓர் உளியும் சுத்தியலும் ஒரு சட்டி சிமெண்டுக் கலவையும் எடுத்துக்கொண்டு, கூடவே சுடலைமணியையும் கூட்டிக்கொண்டு சுவருக்கு வந்தாள்.

ஓட்டையில் முதுகைக் கொடுத்து நின்றாள். எங்கே இடித்ததோ அங்கே சுடலைமணி சாக்பீஸால் கோடு போட்டான். அங்கே உளி வைத்து வெட்டினாள். எங்கே இடைவெளி விழுந்ததோ அங்கே கலவை அப்பினாள். வாட்ச்மேன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பகல் வெளிச்சத்தில் இரண்டு பேர் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தால் அது கம்பெனி வேலையாகத்தான் இருக்கும் என்பது அவர் நம்பிக்கை. சந்தனக்குமார் சார்தான் ஓடிவந்தார்.

"ஏ பிள்ள, என்ன காரியம் பண்ணுத? பெண் துண்டைத் தொடக்கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? உன்னையத்தான் ராவணும், சுவரை இல்ல."

"என்னைய ராவி ராவித்தான் பாத்தோமே சார். மிச்சம் என்ன இருக்கு?" என்றாள் இசக்கி. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தூசி கண்ணுல விழும்."

வெயில் சாய்கிற நேரத்தில், கை கட்டாமல், குனியாமல், பம்பரத்தை விட்டுவிட்டு நிற்கிற பிள்ளை மாதிரி இயல்பாக அவள் அதில் நின்றாள். சார் பழக்கதோஷத்தில் எட்டிப் பார்த்தார். ஒரு நூல் வெளிச்சம் இல்லை. அவர் "சரியா இருக்கு" என்று சொல்லி முடிப்பதற்குள் சுவர் அவளைக் கவ்விக்கொண்டது. நான் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கைதட்டினேன், பக்கத்தில் யாரும் தட்டாததால் நிறுத்திக்கொண்டேன்.

ஏனென்றால் சுவர் மூடிவிட்டது. திங்கட்கிழமை காலை டிபன் பாக்ஸோடு வந்த அத்தனை பேரும் சுண்ணாம்பு அடித்த வெறும் சுவரைத்தான் பார்த்தார்கள். யாராவது ஓர் ஆள் அந்த ஓட்டைக்குப் பொருந்த வேண்டும் என்று பொம்மை நேர்ந்த ஊர், ஓர் ஆள் பொருந்தியதும் அவளைப் பிடித்து மண்ணை வாரித் தூற்றியது. புதிய ஓட்டையும் வரவில்லை. கம்பெனி சுவருக்கு இன்னொரு பூச்சு பூசி, மேலே கண்ணாடிச் சில்லும் பதித்துவிட்டது. பெண்கள் கூட்டமாகப் போய் முத்துப்பேச்சி வீட்டு வாசலில் நின்று, "ஒம்மவ எங்க பிள்ளைய வயித்துல அடிச்சுட்டா" என்று ஏசினார்கள். முத்துப்பேச்சி பீடித் தட்டை மடியிலிருந்து இறக்கவில்லை.

"அவள உள்ள போ, உள்ள போன்னு நீங்கதான விரட்டுனிய? போயிட்டா. இப்ப ஏன் போனன்னு கேக்கிய. நான் யாருக்குன்னு பதில் சொல்ல?" என்றாள். அன்றைக்கே பம்பாய்க்குப் போன் போட்டு, தம்பியை வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள்.

உள்ளே நடந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். எச்.ஆர். அதிகாரி அவளைக் கூப்பிட்டு, இது முறையான தேர்வு இல்லை என்று ஆரம்பித்திருக்கிறார். அவள் கழுத்து அட்டையைக் காட்டி, "சுவர் பிடிச்சா நீங்க பிடிச்ச மாதிரின்னு பேப்பர்ல சொன்னீங்களே சார்" என்றிருக்கிறாள். அவர் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்திருக்கிறார். "அப்படின்னா அத்தனை பேர் செஞ்ச வேலையும் இனிமே நீ ஒருத்திதான் பார்க்கணும்." அதற்கு அவள், "பாக்கற வரைக்கும் பாக்கேன் சார். மத்தியானச் சாப்பாட்டு நேரம் எனக்குத்தான?" என்று கேட்டுக்கொண்டாளாம்.

தை முடிந்து மாசியில், ஒரு மத்தியானம், வெறும் சுவரில் ஓர் உளிமுனை வெளியே எட்டிப் பார்த்தது. ஊர் கூடிவிட்டது. தினமும் மத்தியானம் அரைமணி நேரம் உள்ளேயிருந்து டக் டக்கென்று கேட்கும், கொஞ்சம் காரை உதிரும், நின்றுவிடும். என்ன உருவம் வருகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன, தயாராக இருக்க வேண்டாமா? சந்தனக்குமார் சார் பிளைவுட்டை அடித்துத் தயாராக வைத்துக்கொண்டு, "எதுக்கும் இன்னும் ஒரு நூல் எடுத்து வச்சிருப்போம்" என்றார். சுவர் மீல்ஸில் இட்லி முக்காலாயிற்று. நான் ஃப்ளெக்ஸ் மிஷினுக்கு மை வாங்கிப் போட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை கடைசிச் செங்கல் விழுந்தது. ஓட்டை பெரிதாக, தாராளமாக இருந்தது. அகலமான தோள், பருத்த கை, உருண்டு நிற்கிற வயிறு, சற்றுச் சாய்த்து வைத்த ஒரு கால். சார் டேப்பை வைத்து அளந்தார், மறுபடி அளந்தார்.

"இவ்வளவு பெரிய ஆளு நம்ம ஊர்லயே கிடையாதே" என்றார்.

எனக்கு மட்டும் அது யாரென்று தெரிந்தது. ஐ.டி.ஐ.யில் சேர்ந்த புதிதில் போட்டோ எடுக்க வந்து, என் கடை ஸ்டூலை உடைத்துவிட்டு வெட்கத்தோடு சிரித்த உருவம் அது. சொல்லலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே, ஓட்டைக்கு அந்தப் பக்கம் தலையெல்லாம் செங்கல் தூசியோடு இசக்கி தெரிந்தாள். கையில் உளி, கழுத்தில் அட்டை, அட்டையில் நான் எடுத்த போட்டோ.

"சுடலமணிய வரச்சொல்லுங்க" என்றாள்.

அதற்குள் முன்வரிசையில் நின்ற நாலைந்து மெலிந்த பையன்கள் பழக்கத்தில் உள்ளே நுழையப் பார்த்தார்கள். அவள் ஒரு ஸ்டூலை இழுத்து ஓட்டைக்குக் குறுக்கே போட்டு, அதில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டாள். "இந்த வழி கூலிக்கு இல்ல. உங்க எல்லாத்துக்கும் தனித்தனியா வெட்டுதேன், ஒவ்வொருத்தனும் மொதல்ல எப்படி இருந்தியன்னு எனக்கு நெனப்பு இருக்கு" என்றாள். ஏசிய பெண்களில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுடலைமணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். சட்டை அவன் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து ஸ்டூலை நகர்த்த, அவன் அந்த ஓட்டையில் போய் நின்றான். ஒரு காலைச் சாய்த்துத்தான் நின்றான். சுற்றிலும், தோளுக்கு மேலும் கைக்கு அடியிலும் வயிற்றைச் சுற்றியும், கை நுழைகிற அளவுக்கு வெளிச்சம் கொட்டியது. சார் தலையைக் குனிந்துகொண்டார். சுடலைமணி அவளைப் பார்த்தான். அவனுக்கு அழுகை வருவது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

இசக்கி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏல, வீட்டுக்குப் போயி நல்லா சாப்பிட்டுட்டு வா" என்றாள். "நான் இங்கனதான் இருக்கேன்."